பிடியாணையைப் பின்னே விட்டுக் கடல் கடந்த பஷீர்

போர்ட் கொச்சி, ஜூலை 5: மலையாள இலக்கியத்தின் தலைசிறந்த படைப்பாளிகளுள் ஒருவரான வைக்கம் முகம்மது பஷீரின் நினைவு நாள் இன்று அனுசரிக்கப்படுகிறது. 1994ஆம் ஆண்டு இதே நாளில், கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் தமது 86ஆவது வயதில் அவர் காலமானார். பேப்பூர் சுல்தான் என்று வாசகர்களால் அன்புடன் அழைக்கப்பட்ட அந்த முதியவர், இளமையில் தம் பெயருக்கு எழுதப்பட்ட பிடியாணை ஒன்றை ஊரில் விட்டுவிட்டு நாடு நாடாக அலைந்தவர் என்பதை இன்றைய தலைமுறையினரில் பலர் அறியார். சாய்வு நாற்காலியும் மரநிழலுமாகப் புகைப்படங்களில் நிலைத்துவிட்ட அவரது முதுமைக்குப் பின்னால், காவல்துறையினரின் பார்வைக்கு எட்டாமல் வேற்றூர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் கழிந்த ஓர் இளமை இருந்தது.

அந்த அலைச்சல் அவரிடமிருந்து வீட்டையும் உறவையும் இளமையின் நல்ல ஆண்டுகளையும் பறித்தது. மலையாள உரைநடையின் போக்கையே மாற்றிய கதைகளை அவருக்கு அளித்ததும் அதே அலைச்சல்தான்.

மூன்று ஆட்சிகள் சந்தித்த நீர்வழி

பஷீரின் இளமையைப் புரிந்துகொள்ள, இன்றைய கொச்சி மாநகரம் அன்று எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதை அறிதல் வேண்டும். சீன வலைகள் வரிசையாக நிற்கும் போர்ட் கொச்சி, 1795ஆம் ஆண்டு டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் வசம் வந்த சிறு நிலத்துண்டு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதியாக அது நேரடி பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அங்கிருந்து சற்று நடந்தால் வரும் மட்டாஞ்சேரி, கொச்சி மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டது. காயலைக் கடந்தால் வரும் எர்ணாகுளமும் கொச்சி சமஸ்தானமே. தெற்கே சில மைல்கள் சென்றால் திருவிதாங்கூர் மகாராஜாவின் எல்லை தொடங்கிவிடும்.

மூன்று ஆட்சிகளுக்கும் தனித்தனிக் காவல்துறை, தனித்தனி நீதிமன்றம், தனித்தனிச் சிறை. ஓர் ஆட்சியின் காவலர் மற்றோர் ஆட்சியின் எல்லைக்குள் தம் விருப்பப்படி நுழைந்து ஒருவரைக் கைது செய்துவிட முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையே குற்றஞ்சாட்டப்பட்டவர்களை ஒப்படைப்பதற்கு 1903ஆம் ஆண்டின் இந்திய ஒப்படைப்புச் சட்டம் வழிமுறைகளை வகுத்திருந்தது. எனினும் எழுத்துக்காகவும் பேச்சுக்காகவும் தேடப்பட்டவர்களுக்கு, ஒரு தோணிப் பயணத்தில் கடந்துவிடக்கூடிய இந்த எல்லைகள் சிறிதளவேனும் மூச்சுவிட இடமளித்தன. திருவிதாங்கூரில் பிறந்து, மலபாரில் சிறை சென்று, எர்ணாகுளத்தில் எழுத்தாளரான பஷீரின் வாழ்க்கை இம்மூன்று ஆட்சிகளையும் ஊடுருவிச் சென்றது.

வைக்கத்தில் தொடங்கிய வழி

1908ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கத்துக்கு அருகிலுள்ள தலயோலப்பறம்பு என்னும் சிற்றூரில் பஷீர் பிறந்தார். தந்தை காயி அப்துர் ரகுமான் மர வணிகர், தாய் குஞ்ஞாத்தும்மா. உடன்பிறந்தோர் அறுவருள் பஷீரே மூத்தவர். ஒரு காலத்தில் வசதியாக இருந்த குடும்பம், தந்தையின் வணிகம் நொடித்தபின் வறுமையை எதிர்கொண்டது.

தொடக்கக் கல்விக்குப் பின் வைக்கத்திலிருந்த ஆங்கிலப் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அக்காலத்தில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடமாடும் உரிமைக்கான சத்தியாகிரகம் நடைபெற்றது. 1924ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் தொடங்கிய அப்போராட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் ஈ.வெ. ராமசாமி பங்கேற்று இருமுறை சிறை சென்றார். 1925ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் காந்தியடிகள் வைக்கத்துக்கு வந்தார். அவரைக் காணத் திரண்ட கூட்டத்தினூடே புகுந்த மாணவர் பஷீர், காந்தியடிகளைத் தொட்டுவிட்டார். அந்த மகிழ்ச்சியை வீட்டுக்கு ஓடிச்சென்று தாயிடம் அறிவித்ததைப் பிற்காலத்தில் அம்மா என்னும் கட்டுரையில் அவர் விரிவாக எழுதினார். அன்று முதல் கதர் அணியத் தொடங்கிய இளைஞர், பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்னரே காங்கிரஸ் இயக்கத்தை நாடி வீட்டை விட்டு வெளியேறினார்.

அவர் சென்றது மலபாருக்கு. திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரண்டும் மன்னராட்சிகள். மலபாரோ நேரடி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவியபோது, கே. கேளப்பன் முதலியோர் தலைமையில் கோழிக்கோட்டிலும் பய்யன்னூரிலும் தொண்டர்கள் திரண்டனர். அவர்களோடு சேர்ந்து உப்பெடுக்கச் செல்வதற்கு முன்னரே பஷீர் கோழிக்கோட்டில் கைது செய்யப்பட்டார். காவல் நிலையத்தில் அடியும் உதையும் பட்ட அவர், பின்னர் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டுக் கண்ணூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

காத்திருந்த தாய்

1931ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கையெழுத்தான காந்தி - இர்வின் உடன்படிக்கையின்படி, வன்முறைக் குற்றச்சாட்டு இல்லாத சத்தியாகிரகக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் அதே மாதம் 23ஆம் நாள் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரும் லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அந்தச் செய்தி நாடெங்கும் இளைஞர்களைக் கொந்தளிக்கச் செய்தது. கண்ணூர்ச் சிறையிலேயே புரட்சியாளர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டிருந்த பஷீரும் அவர்களுள் ஒருவர்.

சிறையிலிருந்து அவர் வீடு திரும்பிய இரவு, மலையாள வாசகர் எவரும் மறக்கமுடியாத காட்சியாக அவரது எழுத்தில் பதிவாகியுள்ளது. முன்னறிவிப்பு எதுவுமின்றி, ஊர் உறங்கிய வேளையில் மகன் வாசலுக்கு வந்து நிற்கிறான். தாய் எழுந்து வந்து சோறு பரிமாறுகிறாள். தான் இன்று வருவது எப்படித் தெரிந்தது என்று மகன் வியக்கிறான். ஒவ்வோர் இரவும் அவனுக்காகச் சோறாக்கி வைத்துக் காத்திருந்தது அப்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது. காணாமற்போன ஒருவனுக்காக ஒரு வீடு எவ்வாறு விழித்திருக்கும் என்பதைச் சொல்லும் அந்தப் பகுதி, பஷீரின் எழுத்துகளிலேயே மிக எளிமையானது. மிகக் கனமானதும் அதுவே.

அந்த வீட்டில் அவர் நிலைத்திருக்கவில்லை. விரைவிலேயே, முன்னிலும் நெடுங்காலத்துக்கு அவர் வெளியேற நேர்ந்தது.

உஜ்ஜீவனமும் பிடியாணையும்

பகத் சிங்கின் வழியில் ஈர்க்கப்பட்ட இளைஞர் குழு ஒன்றுடன் இணைந்து செயல்பட்ட பஷீர், உஜ்ஜீவனம் என்னும் இதழை நடத்துவதில் ஈடுபட்டார். பிரபா என்னும் புனைபெயரில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அனல் பறக்கும் கட்டுரைகளை அவர் எழுதினார். எழுத்தாளராக அவரது முதல் முயற்சிகள் அவையே.

அச்சகங்களையும் இதழ்களையும் அரசு கடுமையாக ஒடுக்கிய காலம் அது. 1931ஆம் ஆண்டின் இந்தியப் பத்திரிகை அவசர அதிகாரச் சட்டம், அச்சக உரிமையாளர்களிடம் பிணைத்தொகை கேட்கவும், ஆட்சேபத்துக்குரிய எழுத்து வெளிவந்தால் அத்தொகையையும் அச்சகத்தையும் பறிமுதல் செய்யவும் அரசுக்கு அதிகாரம் வழங்கியது. அரச நிந்தனையைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, வாழ்நாள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை வரை விதிக்க இடமளித்தது. திலகரையும் காந்தியடிகளையும் சிறைக்கு அனுப்பிய பிரிவு அதுவே.

உஜ்ஜீவனம் தடைக்கு உள்ளாயிற்று. பஷீரைக் கைது செய்யப் பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. ஆனால் காவலர்கள் தேடியபோது அவர் கேரளத்தில் இல்லை.

பிடியாணை என்பது நாள் செல்லச்செல்லத் தானாகக் காலாவதியாகிவிடும் தாள் அன்று. அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறையிலிருந்த 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, அதைப் பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ, அது நிறைவேற்றப்படும் வரையிலோ நடைமுறையில் இருக்கும். தேடப்படுபவர் தலைமறைவானால் அவர் நேரில் வரவேண்டும் எனப் பகிரங்க அறிவிப்பு வெளியிடவும், பின்னர் அவரது சொத்துகளை முடக்கவும் அதே சட்டத்தின் 87, 88ஆவது பிரிவுகள் வழிசெய்தன. இக்கோட்பாடு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே ஊரை விட்டு அகன்ற ஒருவருக்குத் தொலைவு தற்காலிகப் பாதுகாப்பை மட்டுமே அளிக்கும், விடுதலையை அளிக்காது. திரும்பி வரும் ஒவ்வொரு வழியிலும் அந்தத் தாள் காத்திருக்கும்.

நிலைகொள்ளா ஆண்டுகள்

பிடியாணையிலிருந்து தப்ப எல்லை கடந்தவர்கள் பஷீருக்கு முன்பும் இருந்தனர். தமிழ் வாசகர்கள் அறிந்த எடுத்துக்காட்டு மகாகவி பாரதியார். இந்தியா இதழ் மீதான நடவடிக்கையை அடுத்து 1908ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்ற அவர், பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். 1918ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்தவுடன் கடலூர் அருகே கைதானார். லண்டனில் சட்டம் பயின்ற வ.வே.சு. ஐயர், பிடியாணைக்குத் தப்பிப் பாரிஸ் வழியாக மாறுவேடத்தில் 1910ஆம் ஆண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவர்கள் இருவருக்கும் ஒரு புகலிடம் இருந்தது. குடும்பமும் நண்பர்களும் சூழ இருந்தனர். அடைக்கலம் தந்த வேற்றரசு ஒன்றும் இருந்தது.

பஷீருக்கு அத்தகைய புகலிடம் எதுவும் இல்லை. பெயர் பெற்ற தலைவராகவோ, வழக்கறிஞராகவோ, பணமுள்ளவராகவோ அவர் இல்லை. இருபதுகளின் நடுவில் இருந்த அறியப்படாத ஓர் இளைஞர் மட்டுமே. அவருக்கிருந்த ஒரே பாதுகாப்பு, ஓரிடத்திலும் நிலைகொள்ளாமல் இருப்பது. எனவே அவர் நடந்தார், இரயில்களில் சென்றார், கிடைத்த வேலையைச் செய்தார்.

கேரளத்தை விட்டகன்ற அவர், இந்தியாவின் பல பகுதிகளிலும் சுற்றித் திரிந்தார். அந்த ஆண்டுகளில் அவர் செய்த தொழில்களின் வரிசை நீளமானது. தறிகளைப் பொருத்துபவராக இருந்தார். சமையற்காரராக இருந்தார். செய்தித்தாள் விற்றார், பழம் விற்றார். கைரேகை பார்த்து எதிர்காலம் சொன்னார். கணக்கெழுதினார், இரவுக் காவலாளியாக நின்றார், ஆடு மேய்த்தார், உணவு விடுதியை நிர்வகித்தார். விளையாட்டுப் பொருள் விற்பனை நிறுவனம் ஒன்றின் முகவராகவும் பணியாற்றினார். மிதிவண்டியிலிருந்து விழுந்து காயமடைந்ததால் அந்த வேலை பறிபோயிற்று. குடிக்க நீரும் உண்ண உணவும் இன்றிச் சாவின் விளிம்பைக் கண்ட நாள்களும் அவற்றுள் அடங்கும்.

இடையில் சில காலம் துறவியாகவும் வாழ்ந்தார். கங்கைச் சமவெளியிலும் இமயமலைச் சாரலிலும் இந்துத் துறவிகளுடன் தங்கினார்; சூஃபி ஞானிகளின் குழுவிலும் இருந்தார். காவி உடுத்திய ஒருவரிடம் ஊரும் பேரும் கேட்கும் வழக்கம் இந்நாட்டில் இல்லை. தேடப்படும் ஒருவருக்கு அது மறைவிடமாகவும் அமைந்தது. ஆனால் பஷீர் வெறும் மறைவுக்காக மட்டும் அங்கு இருந்தவர் அல்லர் என்பதை அவரது பிற்கால எழுத்துகள் காட்டுகின்றன. எல்லா உயிர்களையும் இறைவனின் படைப்பாக, மனிதனுக்கு நிகரான பூமியின் உரிமையாளர்களாகக் கண்ட அவரது பார்வை அந்த ஆண்டுகளில் முதிர்ந்தது.

கடல் கடந்த பயணம்

இந்திய எல்லையோடு அவரது அலைச்சல் முடியவில்லை. ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் கலாசியாக, அதாவது தளம் கழுவுதல் முதலிய உடலுழைப்புப் பணிகளைச் செய்யும் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து அவர் அரபுக் கடற்கரையை அடைந்தார். ஆப்பிரிக்கக் கரையின் ஊர்களுக்கும் அவர் சென்றார்.

வசதி படைத்த பயணிகள் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு கடல் கடந்த காலம் அது. இந்தியாவுக்குள் நுழைவோர் கடவுச்சீட்டு வைத்திருப்பதை 1920ஆம் ஆண்டிலேயே சட்டம் ஒழுங்குபடுத்தியிருந்தது. மறுபுறம், இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான உழைப்பாளர்கள் கப்பல் ஊழியர்களாகக் கடலோடிக்கொண்டிருந்தனர். எரியறையிலும் தளத்திலும் வியர்வை சிந்திய அவர்களின் முகங்களை மேல்தட்டுப் பயணிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதழாசிரியராகத் தேடப்பட்ட பஷீர், அந்தக் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்து கடலைக் கடந்தார்.

இந்த அலைச்சல் எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதில் வாழ்க்கை வரலாற்று நூல்களிடையே வேறுபாடு உண்டு; ஏழு ஆண்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அக்காலத்தைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் அவரது நினைவுக் குறிப்புகளும் கதைகளுமே. நாடோடிக்கு முகவரி இல்லை. தலைமறைவானவர் தடயங்களை விட்டுச் செல்வதும் இல்லை.

வேலைக்குப் பதிலாக ஒரு கதை

அலைச்சலை முடித்துக்கொண்டு கேரளத்துக்குத் திரும்பிய பஷீர் எர்ணாகுளத்தை வந்தடைந்தார். ஊரில் குடும்பம் வறுமையில் இருந்தது. கையில் காசில்லை, பட்டமும் இல்லை. வேலை தேடி ஜயகேசரி என்னும் இதழின் ஆசிரியர் பத்மநாப பையை அவர் அணுகினார். கொடுப்பதற்கு வேலை எதுவும் இல்லை என்று கூறிய ஆசிரியர், கதை எழுதிக் கொடுத்தால் பணம் தருவதாகச் சொன்னார். அவ்வாறு பிறந்ததே என்டெ தங்கம் என்னும் கதை. கறுத்த நிறமும் கூன் முதுகும் கொண்ட ஒரு பெண்ணை நாயகியாக்கிய அக்கதை, அழகிய நாயகியரையே கண்டு பழகிய வாசகர்களைத் திடுக்கிடச் செய்தது. பசிக்காக எழுதிய கதை ஒரு பெரும் எழுத்தாளரின் தொடக்கமாயிற்று.

அந்த எழுத்தின் தனித்தன்மைக்கு அலைந்த ஆண்டுகளே காரணம். அதுவரை மலையாளக் கதைகளில் நுழைய இடம் பெறாதிருந்த பிச்சைக்காரர், திருடர், சூதாடி, பாலியல் தொழிலாளி, கைதி, காவலர், பசித்தவர் ஆகியோர் அவரது கதைகளில் இயல்பாக வந்து அமர்ந்தனர். அவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக அவர் காட்டவில்லை. தம்மோடு ஒரே திண்ணையில் உறங்கியவர்களாகவே காட்டினார். இலக்கண நூலின் மொழியை விடுத்து, மக்கள் வீட்டில் பேசும் மொழியில் எழுதினார்.

அவரது புகழ்பெற்ற பால்யகால சகி நாவலில் இந்த அலைச்சலின் நிழல் நேரடியாகவே விழுந்துள்ளது. நாவலின் நாயகன் மஜீது, தந்தையுடன் முரண்பட்டு வீட்டை விட்டு வெளியேறி நெடுந்தொலைவு அலைகிறான். திரும்பி வரும்போது குடும்பம் நொடித்திருக்கிறது; உயிருக்குயிரான சுகறா வேறொருவருக்கு மணமாகித் துன்புற்றிருக்கிறாள். குடும்பத்தைக் காக்க மீண்டும் வெளியூர் செல்லும் அவன், முகவர் வேலையில் மிதிவண்டி விபத்துக்குள்ளாகிக் காலை இழக்கிறான். உணவு விடுதியில் பாத்திரம் கழுவுகிறான். அங்கிருக்கும்போதே சுகறாவின் மரணச் செய்தி வந்து சேருகிறது. ஊரை விட்டுச் சென்றவனுக்கு ஊர் அப்படியே காத்திருப்பதில்லை என்பதே அந்நாவலின் துயரம். இதனை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய பஷீர், பின்னர் மலையாளத்தில் மாற்றி எழுதினார்.

இரண்டாவது கைது

எர்ணாகுளத்தில் இருந்தவாறு பஷீர் கதைகளை மட்டும் எழுதவில்லை. 1936ஆம் ஆண்டு முதல் திருவிதாங்கூரின் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி, பொறுப்பாட்சி கோரிய இயக்கத்தைக் கடுமையாக ஒடுக்கியது. தாம் பிறந்த சமஸ்தானத்தின் அந்த ஆட்சியை எதிர்த்துப் பஷீர் கட்டுரைகளும் நாடகங்களும் எழுதினார். அவை திருவிதாங்கூரில் தடை செய்யப்பட்டன. மீண்டும் ஓர் அரசு அவரைத் தேடியது.

இம்முறை அவர் கடல் கடக்கவில்லை. 1941 - 42ஆம் ஆண்டுகளில் திருவிதாங்கூர் எல்லைக்குள் கோட்டயத்தில் கைதான அவர், பின்னர் கொல்லம் கஸ்பா காவல் நிலையப் பூட்டறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை தொடங்காமலே நெடுங்காலம் அங்கு அடைபட்டிருந்தார். காவலர்களிடமும் கைதிகளிடமும் கேட்ட கதைகளை அவர் மனத்தில் சேர்த்தார். சில கதைகளை அந்தப் பூட்டறையிலேயே எழுதினார். காவலர்களின் நாயும் கைதிகளின் பசியும் எதிரெதிராக நிற்கும் கதை உள்ளிட்ட அவரது காவல் நிலையக் கதைகளுக்கு அந்த அனுபவமே அடிப்படை.

இறுதியில் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டுத் திருவனந்தபுரம் மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டார். கேசவன் நாயர், சாறாம்மா ஆகியோரின் காதலை நகைச்சுவையோடு சொல்லும் பிரேமலேகனம் அச்சிறையில் எழுதப்பட்டது. சாதியையும் சமயத்தையும் வரதட்சிணையையும் சிரித்தவாறே குத்திக்காட்டிய அக்கதை, 1943ஆம் ஆண்டு அவர் விடுதலையானபின் நூலாக வெளிவந்தது. அதுவும் திருவிதாங்கூரில் தடைக்கு உள்ளானது. பால்யகால சகி, திறனாய்வாளர் எம்.பி. பாலின் முன்னுரையுடன் 1944ஆம் ஆண்டு வெளிவந்தது.

சிறைவாழ்வின் உச்சமான பதிவு மதில்கள். ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் சுவர். அதன் மறுபுறமிருந்து ஒலிக்கும் நாராயணி என்னும் பெண்ணின் குரல். முகம் காணாமலே வளரும் அன்பு. இருவரும் நேரில் சந்திக்க நாள் குறித்திருந்த வேளையில் விடுதலை ஆணை வந்துவிடுகிறது. பிற கைதிகள் ஏங்கிக் கிடக்கும் விடுதலை, அவருக்கு இழப்பாகிறது. வாழ்நாளில் ஒருமுறை கைதுக்கு அஞ்சிக் கண்டங்கள் கடந்த ஒருவர், விடுதலைத் தாளைக் கண்டு கலங்கி நிற்பதாக எழுதினார் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. இப்படைப்பை அடூர் கோபாலகிருஷ்ணன் திரைப்படமாக்கினார். பஷீராக மம்மூட்டி நடித்தார்.

வீடு திரும்புதல்

விடுதலைக்குப் பின் எர்ணாகுளத்தில் தம் நூல்களைத் தாமே சுமந்துசென்று வீடுவீடாக விற்ற பஷீர், அங்கு புத்தகக் கடை ஒன்றையும் நடத்தினார். சர்க்கிள் புக் ஹவுஸ் என்றும் பின்னர் பஷீர்ஸ் புக் ஸ்டால் என்றும் அது அறியப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் நேரடி அரசியலிலிருந்து அவர் விலகி நின்றார்.

அலைச்சலும் சிறையும் அவரது மனத்தில் வடுக்களை விட்டுச் சென்றிருந்தன. மனநலச் சிகிச்சைக்காகத் திருச்சூரில் தங்கியிருந்த 1954ஆம் ஆண்டில் அவர் எழுதியதே பாத்தும்மாவின் ஆடு. நெடுங்காலம் ஊர் ஊராக அலைந்து களைத்த எழுத்தாளர், ஓய்வு தேடித் தலயோலப்பறம்பிலுள்ள குடும்ப வீட்டுக்கு வருகிறார். அங்கு தாய், தம்பிகள், தங்கையர், அவர்களின் குழந்தைகள், கோழிகள், பூனைகள் என ஒரே கூச்சல். அனைவருக்கும் அவரிடமிருந்து பணம் வேண்டும். தங்கை பாத்தும்மாவின் ஆடோ, அவரது பால்யகால சகியையும் சப்தங்களையும் தின்றுவிடுகிறது. தம் இலக்கியம் ஆட்டின் வயிற்றுக்குள் போவதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கும் அந்த மனிதரின் பின்னால், வீடு என்பது எட்டாத தொலைவிலிருந்த ஆண்டுகள் இருந்தன. அந்தக் கூச்சலின் அருமையை அறிந்தவர் அவர்.

ஐம்பதை நெருங்கிய வயதில் பாத்திமா பீவியை மணந்த பஷீர், பேப்பூரில் குடியேறினார். அவர்களுக்கு மகளும் மகனும் பிறந்தனர். பேப்பூரில் அவரது வைலாலில் வீட்டு முற்றத்து மங்குஸ்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, நாடெங்கிலுமிருந்து வந்த வாசகர்களை வரவேற்றார். ஒரு காலத்தில் ஓரிடத்தில் தங்குவதையே ஆபத்தாகக் கருத நேர்ந்த அவர், வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளில் அந்த மரத்தடியை விட்டு அகலாதவராக அறியப்பட்டார்.

செப்புப் பட்டயம்

அரசுகளின் பார்வையும் காலப்போக்கில் மாறியது. 1970ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி தனது உயரிய சிறப்பான ஃபெலோஷிப்பை அவருக்கு வழங்கியது. விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972இல், விடுதலைப் போராட்ட வீரர் என்னும் முறையில் மத்திய அரசு அவருக்குத் தாமிரப் பட்டயம் அளித்துச் சிறப்பித்தது. 1982ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும், 1987ஆம் ஆண்டு கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. எந்தச் செயலுக்காக ஓர் அரசு அவரைக் கைது செய்யத் தேடியதோ, அதே செயலுக்காக அடுத்து வந்த அரசு அவரது பெயரைச் செம்பில் பொறித்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஆஷரின் மொழிபெயர்ப்பின் வழியே அவரது படைப்புகள் ஆங்கில வாசகர்களைச் சென்றடைந்தன. குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்புகள் பஷீரைத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமாக்கின. முன்பு முகவரியின்றிக் கடல் கடந்தவர், தம் நூல்களின் வடிவில் மீண்டும் கடல் கடந்தார்.

அவர் இளமையில் கண்ட எல்லைகள் இன்று இல்லை. 1949ஆம் ஆண்டு திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மலபாரையும் சேர்த்துக் கேரள மாநிலம் உருவாயிற்று. 1967ஆம் ஆண்டு போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் ஒரே மாநகராட்சியாயின. காயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்லும் படகில் ஏறுபவர் எவரும் இன்று ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் செல்வதில்லை. பஷீரைத் தேடிய அரசுகளும் மறைந்தன. அவரைக் காக்க வைத்த அந்தத் தாயின் இரவுச் சோறு மட்டும், அவர் எழுதிய சில பக்கங்களில் இன்றும் ஆறாமல் இருக்கிறது.